எதிர்ப்பொருள் ஏற்பிகளும் மரபணு வேறுபாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோயெதிர்ப்பியல் வகுப்பு எடுக்கும் எவரும் தப்ப முடியாத சில கேள்விகள் உண்டு. மாணவர்கள் ஒரு விதமாகக் கேட்பார்கள், உடல் தன்னையே தாக்கும் லூபஸ் நோய் கண்டவரின் அண்ணன் இன்னொரு விதமாகக் கேட்பார், டெங்குவிலிருந்து பிள்ளையை மீட்டுக்கொண்டு வந்த தாய் வேறு விதமாகக் கேட்பார். அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான்: ஒரே கிருமி, ஒரே வீடு, ஒருவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு கடுமை? அதற்கான விடையில் ஒரு பகுதி இந்த ஏற்பிகளில் இருக்கிறது. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வைத்திருக்கிறேன். பின்னால் வருபவை முன்னால் உள்ளவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. எதிர்ப்பொருள்தான் கிருமியைக் கொன்றுவிடுமே, அதற்கு எதற்கு ஏற்பி?

பெரும்பாலும் அது தனியாகக் கொல்வதில்லை. எதிர்ப்பொருள் என்பது ஒய் என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் இருக்கும் புரதம். ஆய்வக அறிக்கைகளில் ஆன்டிபாடி என்று வருவதும் இதுதான். மேலே விரிந்த இரண்டு கைகள் கிருமியைப் பற்றிக்கொள்கின்றன. சில சமயம் அந்தப் பிடியே போதும்: வைரஸ் செல்லுக்குள் நுழைய முடியாமல் போகும், நச்சு செயலிழக்கும். மற்ற சமயங்களில் கிருமி அடையாளம் குத்தப்பட்டு நிற்கும், அவ்வளவுதான். அதை விழுங்கவோ அழிக்கவோ வெள்ளையணு வந்தாக வேண்டும்.

வந்த வெள்ளையணு பிடிப்பது கிருமியை அல்ல, ஒய்யின் தண்டுப் பகுதியை. அந்தத் தண்டுக்கு எஃப்சி என்று பெயர். வாளிக்குள் தண்ணீரோ மணலோ எது இருந்தாலும் கைப்பிடி ஒன்றுதான். அதைப் போல, எந்தக் கிருமிக்கான எதிர்ப்பொருளாக இருந்தாலும் அதன் தண்டு ஒரு சில வகைகளுக்குள் அடங்கிவிடும். அந்தத் தண்டைப் பற்றும்படி வெள்ளையணுவின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்களே எஃப்சி ஏற்பிகள்.

2. 2ஏ, 2பி, 3ஏ என்று ஏதேதோ எழுதியிருக்கிறார்கள். இவை எல்லாம் வேறு வேறா?

வேறு வேறுதான். இந்தப் பெயர்முறை யாருக்கும் பிடித்ததாகத் தெரியவில்லை, ஆனால் நிலைத்துவிட்டது. இரத்தத்தில் அதிகமாக இருக்கும் எதிர்ப்பொருள் ஐஜிஜி. அதைப் பற்றும் ஏற்பிகளுக்கு எஃப்சி காமா ஏற்பிகள் என்று பெயர். ஒவ்வாமையோடு தொடர்புள்ள ஐஜிஇ வகைக்கும், எச்சிலிலும் குடலிலும் சுரக்கும் ஐஜிஏ வகைக்கும் தனி ஏற்பிகள் உண்டு. இங்கே பேசுவது பெரும்பாலும் ஐஜிஜி பற்றித்தான்.

1 என்ற ஏற்பி தனி எதிர்ப்பொருளையே இறுகப் பிடிக்கும். 2ஏ விழுங்கும் செல்களிலும் தட்டணுக்களிலும் இருந்து செல்லைத் தூண்டிவிடும். 2பி அதற்கு நேர் எதிர். பி செல்களில் அதிகம் காணப்படும் இது செல்லை அடக்கும் ஒரே எஃப்சி காமா ஏற்பி; இதைத் தடை ஏற்பி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். 3ஏ இயற்கைக் கொல்லி செல்களில் இருக்கிறது, சிடி16 என்று அறிக்கையில் வருவது இதுவே. 3பி, பாக்டீரியாவை விழுங்கும் வெள்ளையணுக்களான நியூட்ரோஃபில்களில் இருக்கிறது. 2சி என்றொன்று உண்டு. பலரிடம் அதன் மரபணுவின் நடுவிலேயே நிறுத்தற்குறி விழுந்துவிடுவதால் புரதம் உருவாவதில்லை. 2, 3 எண்களில் தொடங்கும் இந்த ஐந்து மரபணுக்களும் முதலாம் குரோமோசோமில் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு இந்த நெருக்கமே காரணம்.

3. 'மரபணு மாறுபாடு' என்று எழுதியிருந்தது. அப்படியென்றால் எனக்கு ஏதோ கோளாறா?

இல்லை. கோளாறு என்றால் சரியான வடிவம் என்று ஒன்று இருக்க வேண்டும். இங்கே அப்படி ஒன்று இல்லை. 2ஏ ஏற்பியை எடுத்துக்கொள்வோம். அந்தப் புரதத்தின் 131ஆம் இடத்தில் சிலருக்கு ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, சிலருக்கு ஆர்ஜினின். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதன் விளைவு இது. முதலாவதை எச் என்றும் இரண்டாவதை ஆர் என்றும் குறிக்கிறார்கள். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் வருவதால் ஒருவர் எச்-எச், எச்-ஆர், ஆர்-ஆர் என்ற மூன்றில் ஒன்றாக இருப்பார்.

ஐரோப்பியர்களிடம் எச், ஆர் இரண்டும் ஏறத்தாழச் சரிபாதி. ஜப்பானியர்களிடமும் சீனர்களிடமும் எச் தெளிவாக அதிகம். கோடிக்கணக்கானவர்களிடம் காணப்படும் வடிவத்தைக் கோளாறு என்று அழைத்தால் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லாமல் போகும்.

4. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் அப்படி என்ன ஆகிவிடும்?

அந்த 131ஆம் இடம், எதிர்ப்பொருளின் தண்டு வந்து உட்காரும் இடத்திலேயே அமைந்திருக்கிறது. அதனால்தான் இந்தச் சிறிய மாற்றத்துக்கு இவ்வளவு மதிப்பு. ஐஜிஜியில் நான்கு உள்வகைகள் உண்டு. அவற்றில் இரண்டாம் வகையான ஐஜிஜி2, பெரும்பாலான ஏற்பிகளோடு ஒட்டாத சுபாவம் கொண்டது. 2ஏ ஏற்பியின் எச் வடிவம் மட்டும் அதை நன்றாகப் பிடிக்கிறது. ஆர் வடிவம் தளர்வாகவே பிடிக்கிறது.

ஐஜிஜி2 எங்கே தேவைப்படுகிறது? நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றிச் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன உறையைப் போட்டுக்கொள்கின்றன. அந்த உறைக்கு எதிராக உடல் உண்டாக்குவதில் ஐஜிஜி2 முக்கியமானது. எனவே ஆர்-ஆர் உள்ளவரின் நியூட்ரோஃபில்கள், ஐஜிஜி2 பூசிய பாக்டீரியாவை மந்தமாக விழுங்குவதைச் சோதனைக் குழாயில் காண முடிகிறது. நெதர்லாந்தில் மெனிங்கோகாக்கஸ் கிருமியால் அதிர்ச்சி நிலைக்குப் போன குழந்தைகளை 1990களில் ஆராய்ந்தபோது, ஆர்-ஆர் குழந்தைகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தார்கள்.

5. அப்படியானால் எச்-எச் உள்ளவர்கள் கொடுத்து வைத்தவர்கள்தானே?

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் முந்தைய பதிலை அங்கே நிறுத்தினேன். 2011இல் பல நாட்டுக் குழந்தைகளின் முழு மரபணுத் தொகுதியையும் அலசிய ஓர் ஆய்வு வெளிவந்தது. கவாசாகி நோய் பற்றியது அது. சிறு குழந்தைகளுக்குக் காய்ச்சல், சிவந்த கண், வெடித்த உதடு என்று தொடங்கி இதயத் தமனிகளை வீங்க வைக்கும் நோய் இது. 1967இல் டோமிசாகு கவாசாகி என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்தது. அந்த ஆய்வில் ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரிந்தது எச் வடிவம். பெருங்குடல் புண் அழற்சியிலும் அதே எச் வடிவம்தான் ஆபத்துப் பக்கம் நிற்கிறது.

இறுக்கமாகப் பிடிக்கும் ஏற்பி, செல்லைப் பலமாகத் தூண்டுகிறது. பாக்டீரியாவுக்கு முன்னால் அது நன்மை. தூண்டுதலே நோயாக மாறும் இடத்தில் அது தொல்லை. எந்த நோயைப் பற்றிக் கேட்கிறோம் என்று சொல்லாமல் எது நல்ல வடிவம் என்று கேட்டால் பதில் கிடையாது.

6. டெங்கு இரண்டாவது முறை வந்தால் ஆபத்து என்கிறார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் பாதுகாப்புதானே வர வேண்டும்?

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. நான்குமே இந்தியாவில் சுற்றுகின்றன. முதல் வகை வந்து போனால் அதற்கான எதிர்ப்பொருள் நெடுங்காலம் காக்கும். அதே எதிர்ப்பொருள் இரண்டாம் வகை வைரஸோடும் ஒட்டும், ஆனால் அதைச் செயலிழக்கச் செய்யும் அளவுக்கு ஒட்டாது. இப்போது முதல் பதிலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வைரஸ் உயிரோடு இருக்கிறது, அதன்மேல் எதிர்ப்பொருளின் தண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது, விழுங்கும் செல் அந்தத் தண்டைப் பற்றி உள்ளே இழுக்கிறது. டெங்கு வைரஸ் பெருகுவதோ விழுங்கும் செல்களுக்குள்தான். ஏற்பியே கதவைத் திறந்து விட்டதாகிறது. இதை எதிர்ப்பொருள்வழித் தீவிரமாதல் என்பார்கள். ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க மருத்துவர் தாய்லாந்தில் கண்டவற்றை வைத்து வலியுறுத்திய கருத்து.

கியூபா இதற்கு ஏறத்தாழ ஒரு சோதனைக் கூடம் போல ஆகிவிட்டது. 1977இல் முதல் வகை டெங்கு தீவு முழுவதும் பரவியது, பெரும்பாலும் லேசாக. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள், அவர்களில் 101 பேர் குழந்தைகள். 1997இல் சாந்தியாகோ தெ கியூபா நகரில் மறுபடியும் இரண்டாம் வகை. இந்த முறை கடும் நோய் கண்டவர்கள் பெரியவர்கள். முதல் பரவலுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளிடம் பழைய எதிர்ப்பொருள் இல்லை, அவர்கள் தப்பினார்கள். இரண்டு தொற்றுகளுக்கு நடுவே இருபது ஆண்டுகள் போயும் ஆபத்து மங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

எதிர்ப்பொருளின் அளவும் முக்கியம். நிறைய இருந்தால் பாதுகாப்பு, அறவே இல்லாவிட்டால் பழைய நிலை, இடைப்பட்ட அளவுதான் வினை. நிகராகுவாவில் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2017இல் இதை எண்களோடு காட்டியது.

7. டெங்குவிலும் இந்த எச், ஆர் வேலை செய்கிறதா?

செய்கிறது என்றே சில ஆய்வுகள் சொல்கின்றன. 2002இல் வெளிவந்த வியட்நாம் ஆய்வில் ஆர்-ஆர் குழந்தைகளுக்கு இரத்தக்கசிவு டெங்கு சற்றுக் குறைவாக இருந்தது. பின்னர் கியூபாவில் எச்-எச் உள்ளவர்கள் நோய் கண்டவர்களிடையே அதிகம் இருந்தார்கள். இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஐந்தாம் பதிலின் தர்க்கத்துக்கும் பொருந்துகின்றன: இறுகப் பிடிக்கும் ஏற்பி வைரஸை அதிகமாக உள்ளே இழுக்கும்.

ஆனால் இதை வைத்துக் காய்ச்சலில் இருக்கும் ஒரு குழந்தையைப் பற்றி எதையும் முடிவு செய்யக் கூடாது. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்வு, சிறுநீர் குறைவு, கையும் காலும் சில்லிடுதல் ஆகியவற்றைப் பார்த்துத்தான் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டில் நிம்மதி அடையும் அந்த ஓரிரு நாட்களில்தான் இவை பெரும்பாலும் தலைகாட்டும்.

8. ஒரு வயதுகூட ஆகாத குழந்தைக்கு முதல் டெங்குவே ஏன் கடுமையாகிறது?

அதற்குத் தாயின் எதிர்ப்பொருள் ஒரு காரணம். கர்ப்பத்தின் பிற்பகுதியில் நச்சுக்கொடி வழியாகத் தாயின் ஐஜிஜி குழந்தைக்குப் போகிறது. பிறந்த புதிதில் நிறைய இருப்பதால் காக்கிறது. மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்து, ஏறத்தாழ ஆறு முதல் ஒன்பது மாதத்தில் மேலே சொன்ன இடைப்பட்ட அளவுக்கு வருகிறது. அந்த வயதில்தான் கைக்குழந்தைகளின் கடும் டெங்கு அதிகம் பதிவாகிறது. முழுவதும் மறைந்த பிறகு இந்த ஆபத்தும் போய்விடும்.

9. தடுப்பூசியும் எதிர்ப்பொருளைத்தானே உண்டாக்குகிறது? அதிலும் இந்த ஆபத்து உண்டா?

டெங்வாக்சியா என்ற தடுப்பூசியில் இது நிஜமாகவே நடந்தது. பிலிப்பைன்ஸ் 2016இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைப் போடத் தொடங்கியது, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டது. இதற்கு முன் டெங்குவே வராதவர்களுக்கு, ஊசிக்குப் பிறகு வரும் தொற்று கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது என்று 2017 நவம்பரில் அதைத் தயாரித்த சனோஃபி நிறுவனமே அறிவித்தது. அவர்களுக்கு ஊசியே முதல் தொற்றைப் போல அமைந்துவிட்டது. ஏற்கெனவே டெங்கு வந்தவர்களுக்கு அது பயன் தந்தது. அதன் பிறகு, முன்பு தொற்று வந்ததைச் சோதித்து உறுதி செய்த பிறகே அதைப் போட வேண்டும் என்று விதி வந்தது.

எல்லாத் தடுப்பூசிக்கும் இதை நீட்டிப் பயப்படுவது தவறு. தட்டம்மை, போலியோ, நிமோகாக்கஸ் கிருமிகள் டெங்குவைப் போல இந்தக் கதவை நம்பி வாழ்பவை அல்ல.

10. எனக்கு ஆர்-ஆர் என்றால் நிமோகாக்கஸ் தடுப்பூசி வீணா?

வீண் அல்ல. குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் உள்ள நிமோகாக்கஸ் ஊசியில் சர்க்கரை உறையை ஒரு புரதத்தோடு இணைத்திருக்கிறார்கள். அது குழந்தைகளிடம் ஐஜிஜி1 வகையை அதிகமாக உண்டாக்குகிறது. ஆர் வடிவத்துக்கு அதைப் பிடிப்பதில் சிரமம் இல்லை. தவிர, எதிர்ப்பொருள் பூசிய கிருமியை அழிக்க நிரப்புப் புரதங்கள் என்ற வேறொரு படையும் உடலில் இருக்கிறது. மண்ணீரல் அகற்றப்பட்டவர், நிரப்புப் புரதக் குறை உள்ளவர் போன்றோருக்குத்தான் ஒவ்வொரு பாதையும் பெரிதாகக் கணக்கில் வரும். அவர்களுக்கு எச், ஆர் பார்க்காமலேயே தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது.

11. என் தங்கைக்கு லூபஸ். இந்த மரபணுதான் காரணமா? எனக்கும் வருமா?

லூபஸில் உடல் தன் சொந்த செல்களின் டிஎன்ஏ போன்றவற்றுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. எதிர்ப்பொருளும் அது பற்றிய பொருளும் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து இரத்தத்தில் மிதக்கும். விழுங்கும் செல்கள் ஏற்பிகளின் துணையோடு அவற்றை அள்ளி அகற்ற வேண்டும். அள்ளியது போக மிஞ்சியது சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் போய்ப் படியும். தளர்வாகப் பிடிக்கும் 2ஏ ஆர் வடிவமும், 3ஏ ஏற்பியின் 158ஆம் இடத்தில் ஃபினைல்அலனின் கொண்ட எஃப் வடிவமும் லூபஸோடும் அதன் சிறுநீரகப் பாதிப்போடும் தொடர்புபட்டிருப்பதற்கு இது ஒரு விளக்கம்.

ஆனால் லூபஸோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் பல பத்துகள் இருக்கின்றன. இவை அவற்றில் சில மட்டுமே. ஒவ்வொன்றும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள் என்பதை இந்த முதலாம் குரோமோசோம் ஏற்பிகளால் விளக்கவே முடியாது. தங்கைக்கு இருப்பதால் உங்கள் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உண்மை. கூடினாலும் வராமல் இருப்பதற்கான வாய்ப்பே அதிகம். மூட்டு வலி, வெயில் பட்டால் தடிப்பு, காரணமில்லாத காய்ச்சல் என்று ஏதாவது இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

12. கெடுதல் செய்யும் மரபணு என்றால் இத்தனை தலைமுறையில் அழிந்திருக்க வேண்டாமா?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை இங்கேதான் வருகிறது. தடை ஏற்பியான 2பியில் 232ஆம் இடத்தில் ஐசோலியூசினுக்குப் பதில் திரியோனின் வரும் வடிவம் ஒன்று உண்டு. அந்த இடம் செல் சவ்வுக்குள் புதைந்திருக்கும் பகுதி. மாற்றம் வந்தால் ஏற்பி, சவ்வில் தான் சேர வேண்டிய இடத்தில் சேராமல் வெளியே நின்றுவிடுகிறது. எதிர்ப்பொருளைப் பிடிக்கும், ஆனால் அடக்கும் வேலை நடக்காது. இரு பெற்றோரிடமிருந்தும் இந்த வடிவமே வந்தவர்களுக்கு லூபஸ் வாய்ப்பு அதிகம். 2002இல் ஜப்பானில் இது முதலில் தெரிந்தது.

இந்த வடிவம் இரட்டையாக அமைவது ஐரோப்பியர்களிடம் அரிது. ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பல மடங்கு அதிகம். அதாவது மலேரியா ஆண்ட நிலங்களில். கென்யக் குழந்தைகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் குழுவினர், இதே வடிவம் இரட்டையாக உள்ள குழந்தைகளுக்குக் கடும் மலேரியா குறைவாக வருவதைக் கண்டார்கள். அடக்க ஆளில்லாத செல்கள் மலேரியா ஒட்டுண்ணியை வேகமாக விழுங்குகின்றன. லூபஸ் பெரும்பாலும் இளமையில் அல்லது நடுவயதில் வருவது. மலேரியா கொல்வது ஐந்து வயதுக்குள். பிள்ளை பெறும் வயதை எட்டவைத்த வடிவம் தலைமுறை தாண்டி வந்துவிட்டது.

13. மலேரியாவுக்கு எதிர்ப்பொருளால் என்ன பயன்? கொசு கடித்தால் திரும்பத் திரும்ப வருகிறதே.

திரும்ப வரும், ஆனால் கடுமை குறைந்துகொண்டே வரும். 1961இல் காம்பியாவில் செய்த ஒரு சோதனை இதைத் தெளிவாக்கியது. மலேரியா பகுதியில் வளர்ந்த பெரியவர்களின் இரத்தத்திலிருந்து எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலின் என்ற புரதப் பகுதியைப் பிரித்து, மலேரியாவில் கிடந்த குழந்தைகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களில் ஒட்டுண்ணிகள் வெகுவாகக் குறைந்தன. மலேரியா பாராத இடத்து மனிதர்களின் குளோபுலினுக்கு அந்தப் பலன் இல்லை. அந்த எதிர்ப்பொருள்கள் வேலை செய்யும் வழிகளில் ஒன்று வெள்ளையணுக்களைக் கூட்டுச் சேர்த்துக்கொள்வது. எனவே ஏற்பியின் வடிவம் அங்கே கணக்கில் வருகிறது.

14. எல்லா மரபணுவும் இரண்டு படி (நகல்) தானே இருக்கும்? எனக்கு மூன்று என்று அறிக்கை சொல்கிறது.

அறிக்கை 3பி பற்றியதாக இருந்தால் அது இயல்பே. இரண்டாம் பதிலில் சொன்ன நெருக்கத்தை நினைவில் கொள்ளுங்கள். ஐந்து மரபணுக்களும் பழங்காலத்தில் ஒரு நீளமான துண்டு இரட்டித்ததால் உண்டானவை, ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்தவை. முட்டை, விந்து உருவாகும்போது குரோமோசோம்கள் இணை சேர்வதில், ஒத்த பகுதிகள் இடம் மாறிப் பொருந்திவிடும். அப்போது ஒரு பக்கம் ஒரு படி கூடும், மறுபக்கம் ஒன்று குறையும். எனவே 3பி சிலரிடம் ஒன்று, பலரிடம் இரண்டு, சிலரிடம் மூன்று இருக்கும். மிகச் சிலரிடம் ஒன்றுகூட இருக்காது.

படி குறைந்தால் நியூட்ரோஃபிலின் மேல் ஏற்பியும் குறையும். டிமதி ஐட்மன் தலைமையிலான லண்டன் குழு 2006இல், முதலில் எலிகளிலும் பிறகு மனிதர்களிலும், படி குறைவது சிறுநீரக வடிகட்டி அழற்சியோடு தொடர்புடையது என்று காட்டியது. எழுத்து மாற்றம் மட்டுமே நோய்க்கு வழி என்று எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் எண்ணிக்கையும் கணக்கில் வரும் என்று காட்டிய முதல் வேலைகளில் இது ஒன்று. மூன்று இருந்தால் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

15. ஏற்பியே இல்லாமல் ஒருவர் உயிர் வாழ முடியுமா?

ஒன்று இல்லாவிட்டால் பெரும்பாலும் முடிகிறது. பெல்ஜியத்தில் ஒரு குடும்பத்தில் நான்கு பேருக்கு 1 என்ற ஏற்பி செல் மேற்பரப்பில் அறவே இல்லை, ஆனாலும் நலமாக இருந்தார்கள். 3பி இல்லாதவர்களும் பெரும்பாலும் சாதாரணமாகவே வாழ்கிறார்கள். ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று ஓரளவு ஏற்றுக்கொள்கிறது.

3ஏ ஏற்பியில் மட்டும் ஓர் அரிய மாற்றம் இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால், இயற்கைக் கொல்லி செல்களின் வேலை கெட்டு, அக்கி, சின்னம்மை வகை வைரஸ்கள் திரும்பத் திரும்பத் தாக்கும். இதை நோயெதிர்ப்புக் குறைபாடு என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள். மூன்றாம் பதிலில் கோளாறு இல்லை என்றேன், இது கோளாறு.

16. நாங்கள் அத்தை மகன், மாமன் மகள். எங்கள் குழந்தைக்கு இது பிரச்சினையா?

எச், ஆர் போன்ற பரவலான வடிவங்களில் இரண்டும் ஒன்றாக அமைவது உறவில்லாத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் சர்வ சாதாரணமாக நடக்கிறது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். மேலே சொன்ன அரிய குறைபாடு போன்றவற்றில்தான் சொந்தத்துக்குள் திருமணம் வாய்ப்பைக் கூட்டுகிறது. குடும்பத்தில் யாருக்காவது கடும் தொற்று மீண்டும் மீண்டும் வந்திருந்தாலோ, கைக்குழந்தை காரணம் தெரியாமல் இறந்திருந்தாலோ மரபியல் ஆலோசகரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

17. பிறந்த குழந்தைக்கு வெள்ளையணு மிகக் குறைவு, அம்மாவின் எதிர்ப்பொருள் காரணம் என்கிறார்கள். அம்மா செய்த தவறு என்ன?

எந்தத் தவறும் இல்லை. 3பி ஏற்பிக்கு நியூட்ரோஃபிலின் மேல் சற்றே வேறுபட்ட வடிவங்கள் உண்டு. இரத்த வங்கியில் எச்என்ஏ-1ஏ, 1பி என்று எழுதுவார்கள். தந்தையிடமிருந்து குழந்தைக்கு வந்த வடிவம் தாயிடம் இல்லாவிட்டால், தாயின் உடல் அதை அந்நியமாக எண்ணி எதிர்ப்பொருள் உண்டாக்கக்கூடும். ஆர்எச் பொருத்தமின்மையில் சிவப்பணுவுக்கு நடப்பது இங்கே நியூட்ரோஃபிலுக்கு நடக்கிறது. பதினான்காம் பதிலில் சொன்ன, ஒரு படிகூட இல்லாத தாய்க்கும் இது நேரலாம்.

தொற்று வராமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். தாயின் ஐஜிஜி சுமார் மூன்று வாரங்களில் பாதியாகும் என்பதால், வாரங்கள் அல்லது ஓரிரு மாதங்களில் குழந்தையின் எண்ணிக்கை தானாக ஏறிவிடும். அடுத்த கர்ப்பத்தின்போது இதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

18. அப்பாவுக்கு லிம்ஃபோமா, ரிட்டுக்சிமாப் போடுகிறார்கள். மரபணு சோதனை செய்தால் மருந்து கேட்குமா என்று தெரியுமாமே?

ரிட்டுக்சிமாப் மனிதர் தயாரித்த எதிர்ப்பொருள். அதன் தண்டும் இயற்கையான ஐஜிஜி1 போன்றதே. புற்றுசெல்லில் ஒட்டிய பிறகு, 3ஏ ஏற்பி வழியாக இயற்கைக் கொல்லி செல்லை வரவழைக்கிறது. 158ஆம் இடத்தில் வேலின் கொண்ட வி வடிவம் அந்தத் தண்டை இறுகப் பிடிக்கும், எஃப் வடிவம் தளர்வாகப் பிடிக்கும். 2002இல் பிரான்ஸில் 49 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஓராண்டு முடிவில் வி-வி நோயாளிகளில் 90 சதவீதத்தினரிடம் பலன் நீடித்தது, மற்றவர்களில் 51 சதவீதத்தினரிடம். அந்தக் கட்டுரை அப்போது பெரிய பரபரப்பை உண்டாக்கியது.

கவனிக்க வேண்டியது, அவர்களுக்கு ரிட்டுக்சிமாப் மட்டும் தனியாகக் கொடுக்கப்பட்டது. இன்று பெரும்பாலும் கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுக்கும்போது இந்த வேறுபாடு பல ஆய்வுகளில் மறைந்துவிடுகிறது. எனவே அப்பாவுக்கு இந்தச் சோதனை வழக்கமாகத் தேவையில்லை. மருந்தையும் அதை வைத்து மாற்ற மாட்டார்கள்.

19. ஓர் ஆய்வு ஆம் என்கிறது, அடுத்தது இல்லை என்கிறது. யாரை நம்புவது?

முதலில் எத்தனை பேரை வைத்துச் செய்தது என்று பாருங்கள். மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் மருந்தில் 2008இல் ஒரு சிறிய ஆய்வு, வி வடிவத்தால் பலன் கூடுகிறது என்றது. 2012இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்தது, தொடர்பே இல்லை என்றது. எனக்கு இரண்டாவதன்மேல்தான் நம்பிக்கை.

அடுத்தது, இந்த மரபணுக்களின் நெருக்கம். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை சேர்ந்தே பிள்ளைகளுக்குப் போகின்றன. 2ஏயின் எழுத்தைப் பார்த்துவிட்டு அதுதான் காரணம் என்று எழுதுவார்கள். உண்மைக் குற்றவாளி பக்கத்திலிருக்கும் 2சியாகவோ 3பியின் படி எண்ணிக்கையாகவோ இருக்கலாம். மேலும் 2பி, 2சி இரண்டும் இரட்டையர் போல இருப்பதால், வழக்கமான மரபணுச் சில்லுகள் ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிடும். எலியை வைத்துச் சரிபார்க்கலாம் என்றால் எலிக்கு 2ஏ ஏற்பியே கிடையாது.

20. ஆன்லைனில் எச்சில் அனுப்பினால் எல்லா மரபணுவும் பார்த்துத் தருகிறார்கள். வாங்கலாமா?

பொழுதுபோக்குக்கு வாங்குவது உங்கள் விருப்பம். இந்த ஏற்பிகளுக்காக வாங்க வேண்டாம். முந்தைய பதிலின் காரணத்தால் 2பி, 3பி பற்றி அதில் வரும் முடிவு நம்பத்தக்கதல்ல. 2ஏயின் எச், ஆர் சரியாகவே வரக்கூடும். வந்தாலும் அதை வைத்து எந்த மருத்துவரும் உங்களுக்கு எதையும் மாற்றி எழுதப் போவதில்லை. ஆர்-ஆர் என்று பார்த்துவிட்டுத் தூக்கம் இழந்தவர்களுக்குப் பதில் சொல்லியே இந்தப் பக்கத்தில் பாதி உருவானது.

21. பிறவியிலேயே வருவது என்றால் மருந்தால் ஒன்றும் செய்ய முடியாதா?

ஏற்பியின் வடிவத்தை மாற்ற முடியாது. அது செய்யும் வேலையை மாற்ற முடியும், மாற்றிக்கொண்டும் இருக்கிறார்கள். எதிர்ப்பொருளால் தட்டணுக்கள் அழியும் ஐடிபி நோயில், மண்ணீரலின் விழுங்கும் செல்களில் உள்ள ஏற்பிகளே தட்டணுக்களைப் பிடித்து உண்கின்றன. 1981இல் சுவிட்சர்லாந்தில், ஐடிபி கண்ட குழந்தைகளுக்கு நல்ல மனிதர்களின் ஐஜிஜியை நிறைய ஏற்றியபோது தட்டணுக்கள் விரைவில் ஏறின. ஏற்றிய ஐஜிஜி ஏற்பிகளை மொய்த்துக்கொண்டது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. கவாசாகி நோய்க்கும் இதே சிகிச்சைதான். 2018இல் அமெரிக்காவில் ஐடிபிக்கு அனுமதி பெற்ற ஃபோஸ்டமாட்டினிப் மாத்திரை, ஏற்பி பிடித்த பிறகு செல்லுக்குள் போகும் சமிக்ஞையை நடுவில் வெட்டுகிறது.

மறுபக்கத்திலிருந்தும் வருகிறார்கள். எதிர்ப்பொருளின் தண்டில் ஒரு சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. அதிலிருந்து ஃபியூகோஸ் என்ற ஒற்றைச் சர்க்கரையை நீக்கினால் 3ஏ ஏற்பி அந்தத் தண்டைப் பல மடங்கு இறுகப் பிடிக்கிறது, எஃப் வடிவமும்கூட. அப்படித் தயாரித்த ஒபினுட்டுசுமாப் 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பதினெட்டாம் கேள்வியைக் கேட்டவரின் தந்தைக்கு மருத்துவர் அந்தப் பெயரைச் சொன்னால், அது ரிட்டுக்சிமாப் ஒட்டும் அதே சிடி20 புரதத்தில்தான் ஒட்டுகிறது என்பதையும், தண்டில்தான் இந்த வேறுபாடு என்பதையும் தெரிந்துகொண்டு பேசலாம்.